வீட்டுத் திராட்சை ஒயின்: அலமாரியா, ஃப்ரிட்ஜா?

கிறிஸ்துமஸுக்குப் போட்ட திராட்சை ஒயினைப் பாட்டிலில் அடைத்தாயிற்று. இனி எங்கே வைப்பது? அதற்கு இதமானது 12 முதல் 15 டிகிரி. குன்னூர்க் குளிருக்கு இருட்டு அலமாரியே போதும். பாட்டிலைப் படுக்கவைத்தால் கார்க் ஈரமாகவே இருக்கும், காற்று புகாது.

சென்னையில் அப்படி வைப்பதை நான் ஒப்பவே மாட்டேன். வீட்டு ஒயினில் பெரும்பாலும் சர்க்கரை மிச்சமிருக்கும். வெக்கையில் ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கினால் வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். சில சமயம் பாட்டிலே வெடிக்கும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் ஈஸ்ட் ஏறக்குறைய அடங்கிவிடும். ஆனால் அங்கே காற்று வறண்டது, மாதக்கணக்கில் வைத்தால் கார்க் சுருங்கும். அதனால் திருகுமூடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, நிமிர்த்தி வையுங்கள். அடியில் கருஞ்சிவப்பாக வண்டல் படியும். ஊற்றும்போது அதைக் கலக்கிவிடாதீர்கள்.