பிஎம்பி தேர்வு: ஆறு மாதப் படிப்பும் அதற்குப் பின் மூன்று ஆண்டுகளும்

பிராஜெக்ட் மேலாளர்களுக்கான பிஎம்பி சான்றிதழ் வாங்கி மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. போன மாதம்தான் புதுப்பித்தேன். தேர்வு முடிந்த சூட்டோடு எழுதியிருந்தால், நான் படித்த புத்தகங்களையும் சேர்ந்த வகுப்பையும் வரிசையாகச் சொல்லியிருப்பேன். இப்போது யோசித்தால் எனக்குக் கைகொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

நான் எழுதியது 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வடிவம். 180 கேள்விகள், 230 நிமிடங்கள். டீமை வழிநடத்துவது பற்றி 42 சதவீதம், செயல்முறை பற்றி 50, வணிகச் சூழல் பற்றி 8. ஏறக்குறைய பாதிக் கேள்விகள் அஜைல் (வேலையைச் சிறு சிறு சுற்றுகளாக முடிப்பது), ஹைபிரிட் (அதையும் முன்கூட்டியே திட்டமிடும் பழைய முறையையும் கலப்பது) முறைகளைச் சார்ந்தவை. தேர்வை நடத்தும் பிஎம்ஐ அமைப்பு இந்தப் பங்கீட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும். அதனால் படிக்க உட்காரும் நாளிலேயே அவர்கள் வெளியிடும் பாடத்திட்ட ஆவணத்தின் புதிய பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் கொடுத்த பழைய நோட்ஸை நம்ப வேண்டாம்.

தகுதி விஷயம்: பட்டதாரி என்றால் 36 மாதம் பிராஜெக்டை நடத்திய அனுபவமும் 35 மணி நேர வகுப்பும் வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு பிராஜெக்ட் பார்த்த மாதங்களை ஒரு தடவைதான் கணக்கில் சேர்க்கலாம். இது தெரியாமல் நான் கூட்டிய கணக்கு ஐந்து மாதம் அதிகமாக வந்து, விண்ணப்பத்தை முழுவதும் திருத்த வேண்டியிருந்தது.

முதல் இரண்டு மாதங்களை பிஎம்ஐயின் வழிகாட்டி நூலான பிஎம்பாக் ஆறாம் பதிப்புக்குக் கொடுத்தேன். அதில் 49 செயல்முறைகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளீடு, கருவி, வெளியீடு. எல்லாவற்றையும் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தேன். அதன் பிறகு எழுதிய முதல் மாக் டெஸ்டில் 58 சதவீதம்தான் வந்தது. மனப்பாடம் வீண் என்று சொல்லமாட்டேன், எந்த ஆவணம் எதற்கு என்ற தெளிவு அதில்தான் கிடைத்தது. ஆனால் தேர்வு வரையறையைக் கேட்பதில்லை. ஒரு சூழ்நிலையைக் கொடுத்து, "முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறது.

அன்றுதான் நோட்டைத் தொடங்கினேன். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று வரி: எந்த விடையைத் தேர்ந்தெடுத்தேன், அது சரி என்று ஏன் தோன்றியது, கேள்வியில் எந்தச் சொல்லைக் கவனிக்காமல் விட்டேன். சரியான விடையின் விளக்கத்தை எழுதவே இல்லை. அது மாக் டெஸ்டிலேயே இருக்கிறது.

ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் டெவலப்பரை நேரடியாகக் கூப்பிட்டு, ரிப்போர்ட்டில் இன்னொரு நெடுவரிசை சேர்க்கச் சொல்கிறார். அரை நாள் வேலை. மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? நான் குறித்தது "ஸ்பான்சரிடம் தெரிவிக்க வேண்டும்" (ஸ்பான்சர் என்றால் பிராஜெக்டுக்குப் பணம் ஒதுக்கும் மேலிடம்). ஏன் என்று எழுதிய வரி: "ஆபீசில் அப்படித்தான் செய்வோம்." சரியான விடை, அந்த மாற்றத்தால் காலம், செலவு, தரம் எப்படிப் பாதிக்கப்படும் என்று ஆராய்வது. சேஞ்ச் ரிக்வெஸ்ட், மாற்றங்களை முடிவு செய்யும் குழு எல்லாம் அதற்குப் பிறகுதான். இதே கேள்வி அஜைல் சூழலில் வந்தால் விடை மாறிவிடும்: கோரிக்கையை, எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் பிராடக்ட் ஓனரிடம் கொண்டுபோக வேண்டும், பேக்லாக் என்ற வேலைப் பட்டியலில் அது எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது அவர் முடிவு. எந்தச் சூழல் என்று கேள்வி எப்போதும் நேராகச் சொல்வதில்லை. "பேஸ்லைன்" (ஒப்புக்கொண்ட அசல் திட்டம்), "ஸ்பிரிண்ட்" (அஜைலின் ஒரு குறுகிய வேலைச் சுற்று) மாதிரி ஒரே ஒரு சொல் நடுவில் இருக்கும். அதைத்தான் நான் தாண்டிப் போயிருந்தேன்.

நான்கு வாரத்தில் நோட்டைப் புரட்டியபோது, முதல் 40 தவறுகளில் 11 இதே வகை. தானே தீர்க்க வேண்டியதை மேலிடத்துக்குத் தள்ளும் பழக்கம் எனக்கு இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எந்த வகுப்பும் இதை எனக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது.

ஃபார்முலாக்களுக்கு மூன்று வாரம் செலவிட்டது அதிகம். மொத்த பட்ஜெட் 1,00,000. முடித்த வேலையின் மதிப்பு 40,000. ஆன செலவு 50,000. செலவுத் திறன் 0.8 (40,000 ÷ 50,000), இதே போக்கில் போனால் முடிக்க 1,25,000 ஆகும். இந்த அளவு கணக்கு புரிந்து, 0.8 என்றால் செலவு எகிறுகிறது என்று பார்த்தவுடன் சொல்ல முடிந்தால் போதும். எனக்கு வந்த கணக்குக் கேள்விகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நேரப் பயிற்சியைத்தான் குறைத்துவிட்டேன். 60ஆவது, 120ஆவது கேள்விக்குப் பிறகு பத்துப் பத்து நிமிட இடைவேளை உண்டு. இடைவேளைக்குப் போனால் முந்தைய பகுதிக்குத் திரும்ப முடியாது. வீட்டில் சந்தேகக் கேள்விகளைக் குறித்து வைத்துக் கடைசியில் மொத்தமாகப் பார்த்தே பழகியிருந்தேன். தேர்வில் முதல் பகுதியிலேயே ஒன்பது கேள்விகளைக் குறித்துவிட்டு, அவற்றைப் பார்க்க நேரம் போய், 60 முடியும்போது கையில் 140 நிமிடம்தான் இருந்தது. 153 இருந்திருக்க வேண்டும். கடைசிப் பகுதி முழுவதும் மூச்சுவாங்க ஓடியதுதான். மாக் டெஸ்டையும் 60, 60, 60 என்று உடைத்து, ஒவ்வொரு பகுதியையும் முடித்துப் பூட்டிவிட்டுப் பழகுங்கள். முழு நீள மாக் டெஸ்ட் குறைந்தது நான்கு எழுதிவிட்டுப் போங்கள். நான் இரண்டுதான் எழுதினேன்.

வேலையில் தங்கியது என்ன? கூட்டத்தில் ஒரு பிரச்சினை வந்தால், "இது நடந்துவிட்டதா, நடக்கக்கூடியதா?" என்று இன்றும் கேட்கிறேன். நடந்தது இஷ்யூ லாகுக்கு, நடக்கக்கூடியது ரிஸ்க் பதிவேட்டுக்கு. இந்தப் பிரிப்பால் கூட்டத்தின் பேச்சே மாறுகிறது. நடந்ததைப் பற்றிப் பேசும்போது உடனே ஆளும் தேதியும் குறிக்கிறோம். ஸ்பான்சருக்கு நான் அனுப்பும் மெயிலில் இப்போது பாதிப்பின் அளவும் இரண்டு தீர்வுகளும் கூடவே போகின்றன.

சான்றிதழைப் புதுப்பிக்க மூன்று ஆண்டுகளில் 60 பிடியு (தொழில் வளர்ச்சிக்கான புள்ளிகள்) சேர்க்க வேண்டும், அதில் குறைந்தது 35 கற்றலில் வர வேண்டும். நான் கடைசி இரண்டு மாதங்களில் 22 பிடியுவுக்காக வெபினார் வெபினாராக உட்கார்ந்தேன். பாதி மனதில் நிற்கவில்லை. இந்தச் சுற்றில் மாதம் இரண்டு என்று வைத்திருக்கிறேன். நோட்டின் கடைசியில் மிச்சமிருந்த ஆறு பக்கங்களில்தான் அந்தக் கணக்கு ஓடுகிறது.