நீலகிரியில் புது வீடு: கணப்பா, இரும்பு அடுப்பா, ஹீட்டரா?

உதகையிலும் குன்னூரிலும் வீடு கட்டுகிறவர்கள் பலருக்குக் கூடத்தில் ஒரு கணப்பு, அதாவது சுவரோடு கட்டிய ஃபயர்பிளேஸ், வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களில் கண்டு மயங்கிய அழகு அது. ஆனால் வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் ஜனவரி இரவில் அதன் முன் உட்கார்ந்து பாருங்கள். முகம் காந்தும், முதுகு நடுங்கும். சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே போய்விடுகிறது. அறையின் வெதுவெதுப்பான காற்றும் கூடவே போக, கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் குளிர்காற்று நுழைகிறது. விறகின் வெப்பத்தில் 10, 15 சதவீதம் நமக்குக் கிடைத்தால் அதிகம்.

அதே விறகைக் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பில் போட்டால் 60 முதல் 75 சதவீதம் வரை கிடைக்கிறது. உள்ளே போகும் காற்றை ஒரு சிறு திருகால் கூட்டிக் குறைக்கலாம். தணல் அவிந்த பிறகும் இரும்பு வெகுநேரம் சூடு தரும். கூடத்துக்கு என் தேர்வு இதுதான்.

ஒரு நிபந்தனை உண்டு: விறகு காய்ந்திருக்க வேண்டும். மலையில் கிடைப்பது பெரும்பாலும் சீகையும் (வாட்டில் மரம்) யூகலிப்டஸும். புதிதாக வெட்டிய கட்டையில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். அதைப் பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கி, ஒரு வருடமாவது விடுங்கள். இரண்டு கட்டைகளை மோதிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரமானது ‘தொம்’ என்று அடங்கிவிடும். ஈர விறகை எரித்தால் அடுப்பின் புகைக்குழாயின் உட்புறத்தில் தார் படியும்; ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை குழாயைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

படுக்கையறைக்கு ஆயில் ஹீட்டர், அதாவது உள்ளே எண்ணெய் அடைத்த மின்சார ஹீட்டர், போதும். புகை இல்லை, வேலை இல்லை. செலவுதான் யோசிக்க வைக்கும். 2,000 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 2 யூனிட். தினம் நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாத மின்கணக்கில் இது மட்டுமே 480 யூனிட். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் அன்றிரவு ஹீட்டரும் இல்லை.

புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். எரியும்போது அது நீராவியையும் வெளியிடுகிறது. ஏற்கெனவே ஈரம் கோத்த மலைவீட்டுச் சுவரில் பூஞ்சை படர அது போதும். கரி அடுப்பை அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

இரும்பு அடுப்பு என்று முடிவு செய்தால் கூரை போடும் முன்பே மேஸ்திரியிடம் குழாய்க்கான இடத்தைக் காட்டிவிடுங்கள். குழாய் வளையாமல் நேரே ஏறி, கூரை முகட்டுக்கு மேலே நிற்க வேண்டும். மரக் கூரையைக் கடக்கும் இடத்தில் இரட்டைச் சுவர்க் குழாயும் சுற்றிலும் இடைவெளியும் அவசியம்.