ஓட்டோகேட்டிலிருந்து ரெவிட்டுக்கு: எதை வைத்துப் படிப்பது?

திருகோணமலையில் வீட்டுப் படம் கீறுகிற எங்களில் பலருக்கு, கோடு கோடாகப் படம் கீறும் ஓட்டோகேட் மென்பொருள் கைப்பழக்கமாகிவிட்டது. கூட்டு வேலை என்று வரும்போது எங்களோடு சேர்ந்து செய்கிற அலுவலகம் ரெவிட் கோப்புக் கேட்கிறது. ரெவிட் என்பது கட்டடத்தையே கணினிக்குள் முப்பரிமாணமாகக் கட்டுகிற மென்பொருள். மாறத்தான் வேண்டியிருக்கிறது. எதை வைத்துப் படிக்கலாம் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் முதலில் ஒப்பிடுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்தப் பாடம் யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது? இப்போதுதான் படம் கீறப் பழகுகிற மாணவருக்குச் செய்த பாடம், வருடக்கணக்காகக் கோடு போட்ட கைக்கு அரைவாசிதான் உதவும்.

ஓட்டோகேட்டில் சுவர் என்பது இரண்டு கோடு. கதவு வைக்க அந்தக் கோட்டை வெட்டி, பிளொக்கை, அதாவது முன்பே கீறி வைத்த கதவுப் படத்தை, கொண்டுவந்து பொருத்துவோம். ரெவிட்டில் சுவர் சுவராகவே இருக்கிறது. கதவை வைத்தால் சுவர் தானாகத் திறக்கும், அட்டவணையில் எண்ணிக்கையும் கூடும். இது ஒரு பின்னேரத்தில் பிடிபட்டுவிடும். மாறி வருகிறவருக்குக் கஷ்டம், கட்டிய பொருள் படத்தில் எப்படித் தெரிகிறது என்பதை ஆளுவதில்தான். நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டு வேலையில் மேசன் படத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “தங்கச்சி, பாத்ரூம் யன்னல் எலிவேஷன்ல இருக்கு, பிளான்ல காணேல்ல. வைக்கிறதோ விடுறதோ?” யன்னல் கோப்பில் இருந்தது. ரெவிட்டின் மெற்றிக் அமைப்பில் தரைப்படம் என்பது வீட்டை வழக்கமாக 1200 மில்லிமீற்றர் உயரத்தில் குறுக்கே வெட்டி மேலிருந்து பார்ப்பது. அதற்கு மேலே நிற்கும் யன்னல் ஒழுங்காகத் தெரியாது. அந்த இடத்துக்கு மட்டும் ‘பிளான் ரீஜன்’ போட்டு வெட்டு உயரத்தை மாற்ற வேண்டும். மூன்று நிமிடத்தில் வீடு எழுப்பிக் காட்டுகிற வீடியோக்கள் இந்த இடத்துக்கு வருவதேயில்லை.

இந்த அளவுகோலில் முதலில் நிற்பது, இரண்டு மென்பொருளையும் செய்கிற ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் சொந்த உதவிப் பக்கங்களும், மென்பொருளோடு வரும் மாதிரிக் கோப்பும். காசு இல்லை, தகவல் பிழைக்காது, பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்படுகிறது. எங்கள் ஊர் வேலைக்கு இது எவ்வளவு தேவை என்பதற்கு சேர்வே பிளான் ஒன்றே போதும். நில அளவையாளர் தரும் கோப்பு தேசிய ஆள்கூற்றில் இருந்தால், காணி பூச்சியப் புள்ளியிலிருந்து பல நூறு கிலோமீற்றர் தள்ளிக் கிடக்கும். ரெவிட்டோ தன் உள் மையத்திலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீற்றருக்குள்தான் நம்பகமாக வேலை செய்யும். அதைத் தாண்டினால் கோடுகள் நடுங்கும், அளவு பிசகும். கோப்பை ‘இம்போர்ட்’ செய்து உள்ளே சேர்க்காமல், ‘லிங்க்’ செய்து வெளியே வைத்தே இணைத்து, மையத்துக்கு மையம் வைத்து, பிறகு ஆள்கூற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். உதவிப் பக்கங்களில் இது தெளிவாக இருக்கிறது. ஆனால் தேடுவதற்குச் சரியான சொல் தெரிந்தால்தான் கண்ணில் படும். ஆங்கிலத்தில், வரிசை இல்லாமல் கிடப்பதுதான் இதன் பெரிய குறை.

தமிழ் யூரியூப் பாடங்கள் இதற்கு நேர் எதிர். ‘ஃபேமிலி’ (கதவு போன்ற ஒரு பொருள் வகை), ‘டைப்’ (அதில் ஒரு அளவு), ‘இன்ஸ்டன்ஸ்’ (படத்தில் வைத்த ஒவ்வொன்றும்) என்ற மூன்றையும் தாய்மொழியில் ஒருவர் விளங்கப்படுத்தினால் ஒரே தடவையில் மனதில் ஏறும். அதற்காகவே இவற்றை விடக்கூடாது. அநேகமானவை தமிழ்நாட்டில் செய்யப்பட்டவை. அங்கே காணி சென்ட்டில், 435.6 சதுர அடி. எங்களுக்குப் பேர்ச், 272.25 சதுர அடி. அது சின்ன விஷயம், மாற்றிக்கொள்ளலாம். வீடியோ எந்தப் பதிப்பில் செய்யப்பட்டது என்பதுதான் பெரிய விஷயம். உவர்மலை போன்ற சரிவுக் காணிக்கு நிலத்தோற்றம் கட்டாயம் வேண்டும். 2024 பதிப்பில் நிலத்தோற்றத்துக்கான பழைய கருவி ‘டோப்போசேர்ஃபேஸ்’ போய் ‘டோப்போசொலிட்’ வந்துவிட்டது. அதற்கு முந்திய பாடத்தைப் பார்த்து அந்தப் பொத்தானைத் தேடினால் அகப்படாது. அதுபோல் 2022க்கு முந்திய வீடியோக்கள் பிடிஎஃப் எடுக்க வேறொரு மென்பொருளைப் போடச் சொல்லும். அந்த வசதி இப்போது ரெவிட்டுக்குள்ளேயே இருக்கிறது.

காசு கட்டிப் படிக்கிற இணையப் பாடங்களில் யுடெமியில் ஒரு பாடத்தை ஒருமுறை வாங்கினால் திரும்பத் திரும்பப் பார்க்கலாம், அடிக்கடி விலை குறைக்கிறார்கள். லிங்க்டுஇன் லேர்னிங் சந்தா முறை. கட்டும் வரைக்கும்தான் திறந்திருக்கும். பகலில் சைட், இரவில் படிப்பு என்று இருக்கிறவருக்கு யுடெமிதான் பொருந்தும். ஏனென்றால் வேலை வந்தால் இரண்டு கிழமை படிப்பு நின்றுவிடும், சந்தா நிற்காது. இரண்டிலும் பாடத்தைக் கைத்தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதால் கொழும்புக்கு இரவு ரயிலில் போகும்போதுகூடப் பார்க்கலாம். வாங்குமுன் பாடத்தின் உள்ளடக்கத்தைப் படியுங்கள். ‘வியூ ரேஞ்ச்’ (வெட்டு உயரம்), ‘வியூ டெம்ப்ளேட்’ (படத்தின் தோற்ற அமைப்பைச் சேமிப்பது), ‘ஷீட்’ (அச்சுத் தாள்), ‘லிங்க் கேட்’ (ஓட்டோகேட் கோப்பை இணைப்பது) என்ற நான்கும் இல்லாவிட்டால், அழகான வில்லா கட்டிக் காட்டினாலும் அது எங்களுக்கான பாடம் இல்லை.

அச்சுப் புத்தகத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மென்பொருள் வருடாவருடம் மாறுகிறது, புத்தகம் மாறாது.

நேர் வகுப்பு பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் பாடக்கட்டணம் சின்னதாகத் தெரியும். இங்கேயே நடக்கும் வகுப்பென்றாலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்: “நான் கீறிய என் சொந்தக் கோப்பைத் திறந்து பார்த்துத் திருத்துவீங்களா?” ஆம் என்றால் அந்த வகுப்பு மற்ற எல்லாவற்றையும் விடப் பெறுமதியானது, ஏனென்றால் உங்கள் பிழையை வீடியோவால் பார்க்க முடியாது. எல்லோரும் ஒரே வீட்டை ஒரே மாதிரிக் கட்டிவிட்டுச் சான்றிதழ் வாங்குகிற வகுப்பு என்றால் வேண்டாம். ஊருக்குள்ளேயே ரெவிட்டில் வேலை செய்கிற ஒரு அண்ணாவோ அக்காவோ மாதத்தில் ஒரு பின்னேரம் உங்களோடு உட்கார்ந்தால் அதுவே போதும்.

என் தெரிவு இப்படி: கருத்து விளங்கத் தமிழ் வீடியோ கொஞ்சம், முதுகெலும்பாக யுடெமிப் பாடம் ஒன்று, சந்தேகத்துக்கு உதவிப் பக்கம். படிக்கும்போது பாடத்தில் வரும் வீட்டை விட்டுவிட்டு, நீங்கள் ஓட்டோகேட்டில் ஏற்கெனவே முடித்துக் கொடுத்த ஒரு வீட்டையே மறுபடி கட்டுங்கள். சபைக்குக் கொடுத்த பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கலாம்.

மக் கணினி வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் வாங்குமுன் நிற்க வேண்டும். ரெவிட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதே மாதிரி வேலை செய்கிற ஆர்ச்சிகேட் மென்பொருள் இரண்டிலும் ஓடும். ரெவிட்டின் மாணவர் அனுமதி இலவசம்தான், ஆனால் அதைச் சம்பளம் வாங்குகிற வேலைக்குப் பாவிக்கக் கூடாது. மற்றவர்களுக்குக் குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் ஓடும் சோதனைப் பதிப்பு இருக்கிறது. பாடத்தின் முதல் பகுதியைப் பார்த்து முடித்து, பழைய வீட்டின் கோப்பையும் எடுத்து வைத்த பிறகு அதை எடுங்கள். நாள் எண்ணத் தொடங்கினால் நிற்காது.