கொரோலா 110: பின் சீல் என்று சொன்னால் நம்பாதீர்கள்

மல்லாவியில் இருக்கும் சித்தப்பாவின் மகன் ஒரு பழைய டொயோட்டா கொரோலா 110 கார் பார்த்து வைத்திருக்கிறான். "அடியில கொஞ்சம் ஒயில் ஒழுக்கு இருக்காம் அண்ணை. பின் சீல் மாத்தினாச் சரியாம். எடுக்கட்டோ?" என்று போனில் கேட்டான். எஞ்சினின் கிராங்க் தண்டு கியர்பொக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில் ஒயிலை மறிக்கும் றபர் வளையம்தான் பின் சீல். அந்தப் பேரைக் கேட்டதும் எனக்குப் பழைய கோபம் திரும்ப வந்துவிட்டது. அவனுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். வன்னியில் இந்தக் காரை வைத்துச் சமாளிக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

என்னிடம் பல வருடமாக இருப்பதும் அதே 110 தான். 5ஏ எஞ்சின், மனுவல் கியர். வண்டியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏ9 இல் மாங்குளத்திலிருந்து வவுனியா வரை அலுப்பில்லாமல் போய் வரலாம். உள் கிரவல் வீதிகளிலும் தாக்குப் பிடிக்கும். நடுவழியில் ஒருநாளும் என்னை விட்டதில்லை. ஆனால் ஒயில் ஒழுகும்.

ஒயில் குறைவதை ஊற்றி நிரப்பிக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்க முடியாதது அதன் மணம். முறிகண்டியில் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்த நிறுத்தினால், கார் நின்ற கையோடு எரிந்த ஒயில் மணம் உள்ளே வந்துவிடும். எஞ்சினின் மேல்மூடியான டப்பெட் கவரின் றபர் பக்கிங்கால் கசியும் ஒயில் சூடான எக்ஸோஸ்டில் விழுந்து எரிகிற மணம் அது. சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவது இன்னும் கரைச்சல். இப்போது எல்லா வீட்டு முன்றலிலும் மாபிள் பதித்திருக்கிறார்கள். மனைவி டிக்கிக்குள் ஒரு காட்போட் மட்டையை நிரந்தரமாகவே போட்டு வைத்துவிட்டாள். எங்கே நிறுத்தினாலும் முதலில் இறங்குவது அந்த மட்டைதான்.

ஒரு கராஜில் காரைத் தூக்கிப் பார்த்தார்கள். எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடம் முழுக்க நனைந்திருந்தது. "கிராங்க் பின் சீல் போயிட்டுது, கியர்பொக்ஸ் இறக்கவேணும்" என்றார்கள். இறக்கினார்கள், சீல் மாற்றினார்கள், கூலியும் வாங்கினார்கள். ஒழுக்கு அப்படியே இருந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு "பழைய கார்தானே, கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்" என்று பதில். ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே கியர்பொக்ஸை இறக்கியவர்களுக்கு அப்படிச் சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

பிறகுதான் பரந்தன் பக்கம் வீட்டோடு கராஜ் வைத்திருக்கும் ஒரு வயதான ஐயாவிடம் போனேன். போர்க் காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் வராதபோது மண்ணெண்ணெயில் கார் ஓடவைத்த தலைமுறை. அவர் ஒரு ஸ்பானரையும் தொடவில்லை. முதலில் எஞ்சினை நன்றாகக் கழுவிக் காயவிட்டார். "கிரவல் றோட்டில கொஞ்சம் ஓடிப்போட்டு வா" என்றார். வந்ததும் ரோச் அடித்துப் பார்த்தார். "ஒயில் கீழயிருந்து மேல ஏறாது தம்பி. நனைஞ்ச இடத்தில ஆக மேலான இடத்தைத் தேடு."

அதுதான் முழு வித்தை. ஒழுகும் ஒயில் கீழே இறங்கும், ஓட்டக் காற்றில் பின்னுக்கும் பரவும். சொட்டு விழும் இடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் பிழைக்கும். எங்கள் செம்மண் தூசியை எல்லோரும் திட்டுகிறோம், ஆனால் இதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. கழுவிய எஞ்சினில் ஒயில் வந்த பாதையில் மட்டும் தூசி ஒட்டிச் சிவந்து நிற்கும். அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டு மேலே போனால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரில் போய் முடிந்தது.

5ஏ எஞ்சினில் டிஸ்ரிபியூட்டர் இருப்பது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டின் பக்கவாட்டு முனையில், கியர்பொக்ஸுக்கு நேர் மேலே. அது ஹெட்டுக்குள் நுழையும் கழுத்தில் ஒரு றபர் ஓ-ரிங் இருக்கிறது. வருடக்கணக்காகச் சூடு பட்டு அது தட்டையாகி இறுகிவிடும். கசிகிற ஒயில் நேரே கியர்பொக்ஸ் தலையில் இறங்கும். கீழே இருந்து பார்ப்பவருக்கு அச்சொட்டாகப் பின் சீல் போனது போலவே தெரியும். என்னுடையதைக் கழற்றியபோது ஓ-ரிங் விரலில் ஒடிந்தது. புதிதின் விலை ஒரு தேநீர்ச் செலவுக்குள் அடங்கும். கழற்றுமுன் டிஸ்ரிபியூட்டர் இருந்த நிலைக்குக் கோடு கீறவேண்டும், இல்லாவிட்டால் பிளக்கில் பொறி விழும் நேரம், அதாவது ரைமிங், மாறிவிடும். பூட்டிய பிறகு ஐயா பொனெற்றுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டிஈ1, ஈ1 என்ற இரண்டு முனைகளையும் இணைத்து, ரைமிங் லைட்டால் 10 பாகைக்கு வைத்தார். அந்த ஓ-ரிங் போட்ட நாளிலிருந்து கியர்பொக்ஸ் காய்ந்தபடியே இருக்கிறது. இப்போதும் பொனெற்றைத் திறந்து அந்த இடத்தைப் பார்க்கும்போது ஒரு சந்தோசம் வரும்.

டப்பெட் கவர் பக்கிங் கதை வேறு. முதலில் வாங்கியது பெயர் தெரியாத மலிவுச் சாமான். போட்ட புதிதில் நன்றாக இருந்தது, கொஞ்ச நாளில் பிளாஸ்டிக் போல இறுகித் திரும்பக் கசிந்தது. கண்ணுக்கு எல்லா றபரும் ஒன்றுதான், ஆனால் சாதாரண நைற்றைல் றபர் 100 பாகைச் செல்சியஸ் சூட்டுக்கு மேல் தொடர்ந்து நின்றால் சீக்கிரம் இறுகும். விற்றன் வகை றபர் 200 பாகை வரை தாங்கும். வன்னி வெயிலில், எக்ஸோஸ்ட் பக்கத்தில், இந்த வித்தியாசம் சும்மா விடாது.

கடையில் கேட்கும்போது "110 பக்கிங்" என்று மட்டும் கேட்டால் கைக்கு வந்ததைத் தருவார்கள். டொயோட்டா இலக்கத்தோடு கேளுங்கள்: டப்பெட் கவர் பக்கிங் 11213 என்று தொடங்கும், ஸ்பார்க் பிளக் இறங்கும் குழியைச் சுற்றியிருக்கும் பிளக் குழி சீல் 11193, ஒயில் சீல்கள் 90311. கவர் கழற்றுகிற நாளில் பிளக் குழி சீல்களையும் சேர்த்தே மாற்றுங்கள். அவை கசிந்தால் குழிக்குள் ஒயில் நின்று எஞ்சின் விக்கும். பெட்டி ஜெனுவின் என்பதற்காக நம்பவேண்டாம், பெட்டியையும் போலியாக அடிக்கிறார்கள். நல்ல சீலில் கம்பனிப் பெயரும் அளவும் றபரிலேயே வார்த்திருக்கும், உதட்டு விளிம்பில் பிசிறு இருக்காது. எனக்குச் சரிவந்தது என்ஓகே என்ற ஜப்பான் கம்பனியின் சீல். வவுனியாவில் கிடைக்காவிட்டால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எடுத்துப் பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம்.

சிலிக்கன் அப்புகிற பழக்கத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான சம்ப்புக்குக் கம்பனியே பேஸ்ட் போட்டுத்தான் ஒட்டுகிறது, உண்மை. ஆனால் அது ஒரு மெல்லிய வரி. சிவப்பு ரியூப்பைப் பிதுக்கி இரண்டு பக்கமும் வழிய வழியப் பூசினால், வெளியே தெரிகிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது உடைந்து விழுந்து ஒயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்தால் எஞ்சினே போய்விடும். ஒழுக்கை மறைத்து விற்பதற்கு இதைச் செய்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வையும் மறக்கவேண்டாம். கழற்றிக் குலுக்கினால் கிலுகிலுக்கவேண்டும். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எவ்வளவு நல்ல சீலையும் தள்ளிக் கசியவிடும்.

இவ்வளவு நல்ல காரென்று சொல்லிவிட்டுத் தம்பிக்கு நான் சொன்ன பதில், எடுக்காதே என்பதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் ஏறிய விலையையே விற்பவர் இன்னும் கேட்கிறார். அந்தக் காசுக்கு இந்தத் தலையிடி வேண்டாம். என்னுடையதைக் கேட்டும் ஆட்கள் வருகிறார்கள், நான் கொடுக்கப்போவதில்லை.

அவன் எப்படியும் போய்ப் பார்ப்பான் என்று தெரியும். அதனால் இதையும் சொன்னேன்: ஒரு ரோச் கொண்டு போ. முதலில் டிஸ்ரிபியூட்டருக்குக் கீழே பார். நனைந்திருந்தால் பயப்படாதே, பின் சீல் என்று சொல்லி விற்பவரே விலையைக் குறைத்துத் தருவார். சம்ப் விளிம்பில் சிவப்புச் சிலிக்கன் பிதுங்கியிருந்தால் விலையே பேசாமல் வந்துவிடு.