நிக்கோட்டின் கம்: ஓராண்டுக்குப் பிறகு ஒரு டீப்பிரியனின் மதிப்பீடு

புகைப்பதை விட உதவும் தொலைபேசிச் சேவை என்று சிகரெட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணால் பயன் உண்டா, அல்லது சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லும் நிக்கோட்டின் கம்மை மருந்துக்கடையில் வாங்கினாலே போதுமா என்று அலுவலக நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். நான் புகைப்பதை விட்டு ஓராண்டுக்கு மேல் ஆகிறது, அந்த எண், கம் இரண்டையும் பயன்படுத்தியவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் கம்மின் மீது எனக்கு இருக்கும் எரிச்சல் ஒரு வரியில் அடங்காது.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கம் வேலை செய்கிறது. சிகரெட்டை நிறுத்திய முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போகும் படபடப்பையும், காரணமில்லாமல் வீட்டாரின் மீது பாயும் கோபத்தையும் தாங்கக்கூடிய அளவுக்கு அது குறைத்தது. சிகரெட்டின் நிக்கோட்டின் இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். கம்மின் நிக்கோட்டின் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் அந்தப் பழைய சுகம் இதில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. புகையோடு வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை. 2022-இல் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் நிக்கோட்டின் மாற்று சிகிச்சையும் (கம் அதில் ஒரு வகை) இடம்பெற்றது.

என் எரிச்சல் டீயில் தொடங்குகிறது. இந்தக் கம்மைச் சாதாரண சூயிங்கம் போல மெல்லக் கூடாது. மெதுவாகக் கடித்து, நாக்கில் மிளகு பட்டது போன்ற காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அதக்கிக்கொள்ள வேண்டும் (என் பாட்டி புகையிலையை அதக்கிக்கொண்டதும் இதே இடத்தில்தான்). காரம் அடங்கியதும் மீண்டும் சில கடி, பிறகு மறுபக்கம் அதக்கல் என்று ஏறக்குறைய அரை மணி நேரம் இது நடக்கும். மருந்து கன்னத்தின் உட்புறத் தோல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டும். டீ, காபி, பழச்சாறு, சோடா ஆகியவை வாயில் அமிலத்தன்மையைக் கூட்டி அதைத் தடுத்துவிடும். உள்ளே போகாத நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றில் இறங்கி விக்கலையும் நெஞ்செரிச்சலையும் கொடுக்கும். எனவே கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து, அதைத் துப்பும்வரை, டீ கூடாது.

முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம் என்பது வழக்கமான கணக்கு. கால் மணி நேர இடைவெளியையும் அரை மணி நேர அதக்கலையும் அதில் கழித்தால், டீக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள். நம் ஊரில் புகைப்பவர் பலருக்கும் ஒரு கையில் சிகரெட் என்றால் மறு கையில் டீ கிளாஸ் இருக்கும். புகைக்கும் ஆசை கிளம்புவதே பதினோரு மணிக்கு எல்லோரும் கடைக்குக் கிளம்பும்போதுதான். அந்த நேரத்தில் வாயில் கம் இருந்தால் கையில் டீ இல்லை. கையில் டீ இருந்தால் காப்பாற்ற வாயில் கம் இல்லை. இந்த மருந்தை உருவாக்கியவர்கள் டீக்கடை வாசலில் ஒரு நாளாவது நின்றிருக்க வேண்டும் என்று நான் பலமுறை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

அதைவிடக் கோபம் தருவது, இந்த அடிப்படை விதியைக்கூட யாரும் சொல்லாததுதான். மருந்துக்கடைக்காரர் எந்தச் சுவை வேண்டும் என்று மட்டும் கேட்டார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிய மருத்துவர், "சிகரெட்டை விட்டுடுங்க" என்று சீட்டைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். சுகாதார நிலையத்தில் முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு நிரப்பும் படிவத்தில் புகையிலைப் பழக்கம் பற்றிய கேள்வி இருக்கிறது; தினமும் என்று பதில் சொன்னால் நோய் அபாயக் கணக்கில் 2 மதிப்பெண் கூடும். எனக்கும் அந்த 2 போட்டார்கள், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். மூன்று நிமிடத்துக்குள் முடியும் சுருக்கமான ஆலோசனையைக்கூட நோயாளியைப் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் வழங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்குக் கிடைத்தது மூன்று நொடி.

டீ விதியைச் சொன்னது அந்தத் தொலைபேசி எண்தான். 2016-இல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கிய இந்தக் கட்டணமில்லாச் சேவை, பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உள்ளிட்ட இடங்களுக்கும் விரிந்தது; 2018 செப்டம்பர் முதல் பெட்டிகளில் இந்த எண் அச்சாகிறது. தமிழிலேயே பேசினார்கள். காலையில் எழுந்த எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பது அவர்கள் கேட்ட முக்கியக் கேள்வி. அரை மணி நேரத்துக்குள் என்றால் நிக்கோட்டினின் பிடிமானம் அதிகம், 4 மில்லிகிராம் கம் தேவைப்படலாம், அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். அதற்குப் பிறகு என்றால் 2 மில்லிகிராம். நிறுத்தும் தேதியை என்னையே சொல்லவைத்துக் குறித்துக்கொண்டார்கள். நான் எதிர்பாராதது, அவர்களே திரும்ப அழைத்ததுதான். அரசு சார்ந்த ஒரு சேவை என் செய்தி கேட்டுத் தானாகக் கூப்பிட்டது எனக்கு அதுவே முதல்முறை.

அப்படி வந்த ஓர் அழைப்பில்தான், படபடப்பு இன்னும் போகவில்லை என்று நான் புலம்பியபோது, ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார் ஆலோசகர். சிகரெட் புகை, கல்லீரல் காஃபீனைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுமாம். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைவதால், வழக்கமாகக் குடிக்கும் டீயே உடம்பில் அதிக நேரம் தங்கிப் படபடப்பைத் தரும். டீயைப் பாதியாகக் குறைத்ததும் எனக்குத் தூக்கம் திரும்பியது. கம்மைத் திட்டியதில் ஒரு பங்கு டீக்குச் சேர வேண்டியது என்று ஒப்புக்கொள்கிறேன், மனமில்லாமல்தான்.

நண்பருக்கு என் பதில்: முதலில் எண்ணை அழையுங்கள். நீங்கள் என்னைவிட அதிகம் டீ குடிப்பவர், ஆகவே கம் வாங்காதீர்கள். காலையில் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பேட்ச் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 21, 14, 7 மில்லிகிராம் என்று படிப்படியாக இறங்கலாம், டீக்கும் அதற்கும் சண்டை இல்லை. சென்னையில் இருப்பதால் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் உங்களுக்கு எட்டும் தூரம்தான். 2002-இல் நாட்டில் முதலில் அமைந்த பதின்மூன்று புகையிலை நிறுத்த மையங்களில் அங்குள்ளதும் ஒன்று. பேட்ச் மட்டும் போதாமல் கூடவே கம்மும் எழுதிக்கொடுத்தால், அப்போது என்னைக் கேளுங்கள், அதக்கும் முறையைச் சொல்லித் தருகிறேன். தொலைபேசிச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து. கம்மால்தான் விட்டேன் என்றாலும் அதற்கு இரண்டுக்கு மேல் கொடுக்கக் கை வரவில்லை.