லூஸில் விற்கும் ரீஃப் சால்ட்: மீட்டர் 35 காட்டினாலும் நம்பாதீர்கள்

சென்னையில் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். தண்ணீரில் கலந்து கடல்நீர் தயாரிக்கும் சால்ட்டை இறக்குமதி பிராண்ட் என்று சொல்லி, வெறும் பிளாஸ்டிக் கவரில் கட்டி கிலோ கணக்கில் விற்கிறார்கள். வாங்காதீர்கள். எனக்குப் பணமும் போனது, டேங்கும் படுத்துவிட்டது.

இவர்களிடம் ஏன் போகிறோம் என்றால், முழு பக்கெட் விலை அப்படி. சின்ன டேங்க் வைத்திருப்பவன் 20 கிலோ பக்கெட்டை வாங்கி வைத்தால் அது தீர்வதற்குள் நம் ஊர்க் காற்றில் பாதி கட்டி தட்டிவிடும். அதைத்தான் கடைக்காரர் அழகாகச் சொன்னார்: "சார், உங்க சைஸ் டேங்குக்கு எதுக்கு முழு பக்கெட்? இப்பதான் உடைச்சேன், வேணுங்கிற அளவு எடுத்துக்கோங்க." மேசை மேல் அந்த பிராண்டின் பக்கெட், லேபிள் நம்மைப் பார்த்தபடி, உள்ளே ஒரு கரண்டி. ஆனால் எனக்குக் கொடுத்த கவர் அந்த பக்கெட்டிலிருந்து நிறுத்ததல்ல. உள்ளேயிருந்து ஒரு பையன் ஏற்கெனவே கட்டி வைத்திருந்ததை எடுத்து வந்தான். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ரேட் ஏறும் சார்."

வழக்கம்போல ஆர்ஓ தண்ணீரில் கலக்கினேன். இந்த பிராண்டில் கடல்நீர் அளவான 35 சாலினிட்டி (உப்பின் அளவு) வர லிட்டருக்கு 38 கிராம் போல எனக்குத் தேவைப்படும். இதில் அதைவிடக் குறைவாகப் போட்டதிலேயே சாலினிட்டி பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 35 காட்டியது. தண்ணீரும் பளிச்சென்று இருந்தது. கேஹெச் (தண்ணீரின் காரத்தன்மை அளவு) பார்த்தேன், 8. சரி என்று வாட்டர் சேஞ்ச் செய்தேன். அடுத்த முறையும் அதே உப்பு. அதற்குப் பிறகு லெதர் கோரல் என்ற மென்பவளம் விரியவே இல்லை, ஸோவாந்திட்கள் (பூ மாதிரி விரியும் சின்னக் கடல் உயிர்கள்) மொட்டு மாதிரி மூடிக்கொண்டன, பாறையில் இருந்த ஊதா கோரலைன் பாசி ஓரம் ஓரமாக வெளுத்தது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று தரையில் மல்லாக்கக் கிடந்தன.

புதிதாகக் கலக்கிய தண்ணீரில் மக்னீசியம் டெஸ்ட் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சொட்டுச் சொட்டாக விடும் ரசாயனம் சிரிஞ்சில் பாதிகூட இறங்கவில்லை, அதற்குள் இளஞ்சிவப்பு போய் நிறம் மாறிவிட்டது. கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு 690 மில்லிகிராம். கால்சியம் 240. நல்ல கடல்நீரில், 35 சாலினிட்டியில், மக்னீசியம் 1280-க்குப் பக்கமும் கால்சியம் 410-க்குப் பக்கமும் இருக்க வேண்டும். கிட்டில் கோளாறோ என்று, வேறு கடையில் சீல் பிரிக்காத அதே பிராண்டின் சின்ன டப்பா ஒன்று வாங்கி, அதே ஆர்ஓ தண்ணீரில், அதே கிட்டில் பார்த்தேன். மக்னீசியம் 1330, கால்சியம் 430. ஆக, கிட் சரி, தண்ணீர் சரி, கவரில் இருந்ததுதான் சரியில்லை.

அப்புறம் இரண்டையும் ஒரு கறுப்புத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினேன். டப்பா உப்பு மாவு மாதிரி, கொஞ்சம் ஈரப்பதத்தோடு, பளபளப்பே இல்லாமல் இருந்தது. கவர் உப்பில் சின்னச் சின்னக் கட்டம் கட்டமான பளிங்குகள் வெளிச்சத்தில் மின்னின. நம் வீட்டுக் கல்லுப்பை உடைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. கல்லுப்பும் உப்பளத்தில் கடல்நீரை வெயிலில் காயவைத்து எடுப்பதுதான், ஆனால் உப்பு படிந்ததும் மக்னீசியத்தில் பெரும்பகுதி மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். கையில் கிடைப்பது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. அதை நல்ல மிக்ஸோடு பாதிக்குப் பாதி கலந்தால் எனக்கு வந்த எண்களுக்குப் பக்கத்தில்தான் வரும். கிராம் குறைவாகப் பிடித்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்: நல்ல மிக்ஸில் மக்னீசியம் குளோரைடு தன்னோடு தண்ணீரையும் சுமந்துகொண்டு வரும், கல்லுப்பில் அது கிடையாது.

கேஹெச் மட்டும் எப்படி 8 வந்தது? ஆப்ப சோடா இருக்கிறதே. ஒரு கைப்பிடி போட்டால் கேஹெச் ஏறிவிடும், செலவும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் சாலினிட்டியும் கேஹெச்சும் மட்டும் பார்த்துவிட்டு ஊற்றுகிறவர்கள் என்று தெரிந்தவர் யாரோ செய்த வேலை. ரிஃப்ராக்டோமீட்டரைக் குறை சொல்ல முடியாது, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அது சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் "உங்க கிட் எக்ஸ்பைரி ஆயிருக்கும் சார்" என்றார். சீல் டப்பா ரிசல்ட்டைக் காட்டியதும் "டிரான்ஸ்போர்ட்ல குலுங்கி மேல கீழ பிரிஞ்சிருக்கும்" என்றார். அப்படிப் பிரிவது உண்மைதான், பக்கெட்டை உருட்டிவிட்டு எடுக்கச் சொல்வதும் அதனால்தான். ஆனால் கவரை முழுக்கக் கொட்டிக் கிளறித்தான் நான் மறுபடி சோதித்தேன், எண் அசையவில்லை. கடைசியில் "லூஸ் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது." நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம் என்றால் கையில் பில் இல்லை. ஜிபே ரசீதில் கடையின் பெயர்கூட இல்லை, யாரோ ஒருவரின் பெயர்தான்.

இதற்குக் கோவளம் போய்க் கடல் தண்ணீரே பிடித்து வரலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பிடிக்கிறவர்கள் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் மழை வெள்ளம் கலந்து கரையோரத்தில் சாலினிட்டி இறங்கிவிடும், கூடவே என்னென்ன வருமோ. எனக்குத் துணிச்சல் இல்லை.

ஏற்கெனவே இப்படி வாங்கியிருந்தால், ஒரு லிட்டர் மட்டும் 35-க்குக் கலக்கி, தெளிந்த பிறகு முதலில் மக்னீசியம் பாருங்கள். 1200-க்குக் கீழே என்றால் டேங்க் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஏற்கெனவே ஊற்றிவிட்டிருந்தால் ஒரேயடியாக மாற்ற வேண்டாம், நல்ல உப்பில் பத்து பத்து சதவீதமாக மாற்றிக்கொண்டே வாருங்கள், நானும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். பக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சீல் பக்கெட் வாங்கி, எல்லோர் முன்னாலும் உருட்டிப் பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் பங்கு போட்டுக்கொள்ளலாம். வடசென்னைப் பக்கம் யாராவது சேருவதாக இருந்தால் சொல்லுங்கள், அடுத்த பக்கெட் நான் எடுக்கப் போகிறேன்.