கதீட்டர்: உள்ளேயே இருக்கட்டுமா, அவ்வப்போது போட்டு எடுக்கலாமா?

பக்கவாதம் வந்தபிறகு அப்பாவுக்குச் சிறுநீர் தானாக இறங்கவில்லை. சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டரைப் போட்டு, சிறுநீர் சேரும் பையை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறாவது வாரம் உடம்பு தூக்கிப்போடும் அளவுக்கு நடுக்கம், காய்ச்சல், விலாவில் வலி. தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. இந்தக் குழாய்க்கு வேறு வழி உண்டா என்று அதுவரை நான் யாரிடமும் கேட்கவே இல்லை.

சாதாரண சிறுநீர்த் தொற்று சில நாள் மாத்திரையில் அடங்கிவிடும். வீங்கிய புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி), கல், சரியாகச் சுருங்காத சிறுநீர்ப்பை, கட்டுப்படாத சர்க்கரை, மாற்றுச் சிறுநீரகம் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் அது சிக்கலான தொற்றாக மாற வாய்ப்பு அதிகம். கதீட்டரும் இந்த வரிசையில்தான் வருகிறது. மற்றவற்றைப் போல அல்லாமல், இது நாமே உள்ளே வைப்பது. அதனால் எந்த வகை என்று தேர்ந்தெடுக்கவும் நமக்கு இடமிருக்கிறது.

உள்ளேயே தங்கும் குழாய்தான் பரவலாகப் போடப்படுவது. ஒரு சிறு பலூன் அதை நழுவாமல் பிடித்துக்கொள்ளும். பலூனுக்குக் கீழே கொஞ்சம் சிறுநீர் எப்போதும் தேங்கும். குழாயின் சுவரில் கிருமிகள் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். ஆன்டிபயாடிக் அதற்குள் சரியாக வேலை செய்யாது. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் புதிதாகக் கிருமி சேர்கிறது. ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். புரோட்டியஸ் வகைக் கிருமி என்றால் இன்னும் மோசம்: யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், சிறுநீர் காரத்தன்மை அடையும், உப்புகள் படிந்து குழாயே அடைத்துக்கொள்ளும். வெள்ளி பூசிய குழாய் போட்டால் தப்பிக்கலாமா? குறுகிய காலம் குழாய் போட்டவர்களிடம் நடந்த, 2012-ல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வில் அதனால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

அடுத்தது, தேவையான நேரத்தில் குழாயைச் செலுத்தி, வடிந்ததும் எடுத்துவிடுவது. அமெரிக்கச் சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் 1972-ல் இதை எளிமையாக்கினார்: அறுவை அரங்கின் சுத்தம் தேவையில்லை, சோப்பு போட்டுக் கழுவிய கை போதும். அளவுக்கு மீறி உப்பிய சிறுநீர்ப்பையில் ரத்த ஓட்டம் குறைவதுதான் தொற்றுக்கு வழிவிடுகிறது என்பது அவர் வாதம். நாளைக்கு 4 முதல் 6 முறை, ஒரு தடவையில் 500 மில்லியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரம் தவறினால் பலன் போய்விடும். கை நடுங்குபவருக்கும், சிறுநீர்ப்பாதை சுருங்கியவருக்கும் சிரமம். இரவில் எழுப்பவும் ஆள் வேண்டும்.

ஆண்களுக்கு மட்டும் வெளியே மாட்டும் ஆணுறை கதீட்டர் உண்டு. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகி, அடக்க மட்டும் முடியாதவருக்கு நல்லது. உள்ளே தேக்கம் இருப்பவருக்கு இது பயன்படாது. எனவே ஸ்கேனில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்த பிறகே மாட்ட வேண்டும். அடிவயிற்றில் துளையிட்டுப் போடும் குழாய் சிறுநீர்ப்பாதையைக் காப்பாற்றும், உட்கார்ந்தே இருப்பவருக்கு வசதி. ஆனால் மாதக்கணக்கில் இருந்தால் அங்கேயும் கிருமி சேரும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர்ப்பை காலியாகாமல், உதவிக்கு ஆளும் இருந்தால் போட்டு எடுக்கும் முறைதான். தீவிர சிகிச்சையில் மணிக்கு மணி அளவு பார்க்கவோ, ஆறாத படுக்கைப் புண்ணை நனையாமல் காக்கவோ வேண்டுமென்றால் உள்ளே தங்கும் குழாய் சரி, அதுவும் தேவை முடியும் வரை மட்டும்.

அப்புறம், எந்தக் குழாய் என்றாலும் கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிருமி வந்தது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுக்கக்கூடாது. கர்ப்பிணிகளும், ரத்தக் கசிவு வரக்கூடிய சிறுநீர்ப்பாதைச் சிகிச்சைக்குப் போகிறவர்களும் விலக்கு. காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் தாமதிக்கக்கூடாது. குழாய் 2 வாரத்துக்கு மேல் பழையது என்றால் மாற்றிவிட்டு, புதிய குழாயிலிருந்து சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள். வெளியே மாட்டிய பையில் தேங்கியதிலிருந்து எடுக்க விடாதீர்கள்.

அப்பாவுக்கு அம்மாவும் நானும் கற்றுக்கொண்டோம். முதல் வாரம் என் கைதான் நடுங்கியது. இப்போது ஐந்து வேளை, ஒவ்வொரு தடவையும் அளவைக் குறித்துவைக்கிறோம்.